ரெண்டு இழு

"நீங்கதான் இழுத்தீங்க பாய், நீங்கதான்..."

"யக்கா, நான் சொல்றதக் கேளு, நான் பள்ளிவாசல்ல..."

"ரெண்டு இழு. நல்லா அழுத்தமா ரெண்டு இழு. எனக்குத் தெரியாதா? ஒரு கட்டு கேபிள் முழுக்க..."

"...தொழுதுட்டு, வாசல்ல ஒத்தச் செருப்பக் காணாமத் தேடி, இப்பதான் வண்டிய வுட்டு எறங்கறேன். தலையப் பாரு, தொப்பிகூட இன்னும் எடுக்கல!"

தனக்கொடி அவன் தலையைப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி இருந்தது. நெற்றியில் வெள்ளிக்கிழமை மத்தியான வெயில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. அவள் கையில் பிரிக்காத இன்னொரு கேபிள் கட்டு. அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ பின்னாடி யாரு?"

"இன்ஜினியரு செல்வகுமார் சாரா இருக்கும்."

"அவரா? ஏசி ரிமோட்டை அமுக்கறதுக்கே ஆள் கூப்புடுவாரு. அந்த அனல்ல நின்னு நான் குடுக்கற கேபிள வாங்குவாரா?"

சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அஃப்சல் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு முட்டி வலித்தது. இந்த ஒரு மாதத்தில் முட்டி வலிக்காத நாள் எது என்று யோசித்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிற கட்டடம் அது. முன்பு ஐஸ் கம்பெனி. வம்பாகீரப்பாளையத்துப் படகுகளுக்கெல்லாம் விடியும் முன்னே அங்கிருந்துதான் ஐஸ் போகும். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன், நடுவில் உமியும் தக்கையும் போட்டு அடைத்தது. கம்பெனி மூடி, குழாய் துருப்பிடித்து, வௌவால் குடியிருந்த இடத்தை ஒரு புதுக் கம்பெனிக்காரன் வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்துக் கம்ப்யூட்டர் கூடம் ஆக்கிவிட்டான். குளிரைப் பிடித்து வைத்துப் பழகிய சுவராம், அதனால் கரண்டு மிச்சமாம்.

உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு அலமாரிகள், இரண்டு வரிசை, முதுகுக்கு முதுகு காட்டி நின்றன. அலமாரி முழுக்கப் பெட்டி மேல் பெட்டி. ஒவ்வொன்றும் தனியே இருந்தால் ஒன்றுக்கும் ஆகாது. எல்லாம் சேர்ந்து ஒரே மூளையாக யோசித்தால்தான் கம்பெனிக்காரனுக்குக் காசு. அப்படிச் சேர்த்துக் கட்டுவது கேபிள். பக்கத்துப் பெட்டிக்குச் சுண்டுவிரல் தடிமனில் செம்புக் கேபிள், அடங்காத பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். தூரத்துப் பெட்டிக்குக் கண்ணாடி இழைக் கேபிள், பாவாடை நாடா கனம்தான் இருக்கும், கடல் பச்சை நிறம். கையகலத்துக்கும் குறுக்கி வளைத்தால் உள்ளே முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

அந்தக் கேபிள்களைக் கோர்த்து, வாரி, கட்டி, நூல் பிடித்தாற்போல் நிறுத்துகிற வேலை இவர்கள் இருவருக்கும். அஃப்சல் முத்தியால்பேட்டைக்காரன். வீட்டு வீட்டுக்குக் கேபிள் டிவி இழுத்த காலத்திலிருந்து இதே பிழைப்பு. தனக்கொடி வம்பாகீரப்பாளையத்துக்காரி, அவனைவிட நாலைந்து வயது மூத்தவள். தட்டாஞ்சாவடியில் வண்டிகளுக்கு ஒயர் பின்னுகிற கம்பெனியில் இருந்து, அது மூடியதும் இதற்கு வந்தவள். சென்னையில் எத்தனையோ கூடங்களில் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தாயிற்று. சொந்த ஊரில் இதுதான் முதல் தடவை.

கூடத்துக்குள் பேச முடியாது. அத்தனை பெட்டிகளிலும் விசிறி, ஒன்றாகச் சுற்றினால் அடை மழை தகரக் கூரையில் இறங்குகிற சத்தம். காதில் ரப்பர் அடைப்பு வேறு. ஒருவர் முன்பக்கம் நின்று கேபிளை உள்ளே விட, இன்னொருவர் அலமாரிகளின் முதுகுகளுக்கு நடுவே இருக்கிற சந்தில் நின்று வாங்க வேண்டும். அந்தச் சந்துக்கு இரண்டு முனையிலும் கதவு. முன்பக்கம் மார்கழி என்றால் அந்தச் சந்து அக்கினி நட்சத்திரம். பெட்டிகள் விடுகிற அனலெல்லாம் அங்கேதான்.

முகம் தெரியாது, குரல் கேட்காது. கேபிள் கைக்கு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ரெண்டு இழு. தனக்கொடி கொண்டுவந்த வழக்கம் அது. படகில் இருப்பவனும் தண்ணீருக்குள் இருப்பவனும் கயிற்றில் பேசிக்கொள்கிற பேச்சு. ஒரு இழு என்றால் இன்னும் கொடு. ரெண்டு இழு என்றால் பிடித்துவிட்டேன், நீ விட்டுவிடு. விட்டுவிட வேண்டும். விடாமல் இழுத்துப் பிடித்தால் அந்தப் பக்கத்துக்காரன் கை அறுந்துவிடும்.

அஃப்சல் இல்லாத நேரத்தில் ஒரு கட்டு முழுக்க யாரோ ரெண்டு இழு இழுத்து வாங்கியிருந்தார்கள்.

"வா, போய்ப் பாக்கலாம்," என்றான்.

சந்துக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைய வேண்டிய அனல் அறையவில்லை. உள்ளே சில்லென்று இருந்தது. பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விளக்குகள் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தன. காற்று மட்டும் விடியற்காலை கடற்கரைக் காற்று.

கேபிள்கள் எல்லாம் அவையவை போக வேண்டிய துளையில் சொருகியிருந்தன. அழகாக வாரி, தொய்வு விட்டு, பட்டை போட்டுக் கட்டியிருந்தது. அஃப்சல்கூட அவ்வளவு நேர்த்தியாகக் கட்ட மாட்டான். கையால் தொட்டான்.

ஈரம்.

"ஏசி தண்ணிதான் சொட்டுது," என்றான், காதடைப்பை எடுத்துவிட்டு அவள் காதருகே கத்தி.

தனக்கொடி தலையை அண்ணாந்து மேலே பார்த்தாள். அங்கே ஏசிக் குழாய் எதுவும் இல்லை. அவளும் கேபிளைத் தொட்டாள். தொட்ட விரலை முந்தானையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

---

"மீன் வாங்கினீங்களா?" என்று கேட்டாள் அஃப்சலின் மனைவி அக்தர் பேகம், அன்று சாயங்காலம் அவன் தட்டை வாங்கும்போது.

"இல்லியே."

"கையெல்லாம் வாடை அடிக்குது. உப்பு வாடை. அதோட இன்னொன்னு, மூக்கத் தைக்கிற மாதிரி."

"வேலை செய்யற எடம் ஐஸ் கம்பெனி இல்ல? பழைய அமோனியா வாடை."

"மூடி எத்தினி வருஷம் ஆச்சி? சும்மா சொல்லாதீங்க. போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

கழுவினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். அவள் மறுபடி அவன் கையை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, "ஒரு வேலைய முடிச்சிட்டா ரெண்டு நாள் வூட்டுல கெடங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கீங்க," என்றாள்.

"திங்கக்கிழமை ஒப்படைச்சிட்டா முடிஞ்சிது."

"எல்லாத்துக்கும் ஒரு திங்கக்கிழமை வச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுச் சாதத்தைப் போட்டாள்.

---

சனிக்கிழமை தனக்கொடி பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

அஃப்சல் அவளைப் பூவோடு பார்த்ததே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் கலியமூர்த்தி கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தாலியை எடு என்று ஊர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. அவள் எடுக்கவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. நடுவில் நின்றுவிட்டவள். இன்று கொண்டையில் ஒரு முழம் கனகாம்பரம்.

"இன்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. வழியில வித்துக்கிட்டிருந்தாங்க." பிறகு, அவனைப் பார்க்காமல், "இன்னிக்கி நீங்க பின்னாடி போக வேணாம் பாய். முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்களே. முன்னாடியே நில்லுங்க."

"பின்னாடி யாரு வாங்கறது?"

அவள் கூடத்துக்குள் நடந்தாள். கடல் பச்சைக் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை முன்பக்கப் பெட்டியின் துளையில் சொருகினாள். மறு முனையை அலமாரியின் இடைவெளி வழியாக உள்ளே விட்டாள். அவன் கையைப் பிடித்து அந்தக் கேபிள் மேல் வைத்தாள்.

"சும்மா பிடிச்சிக்கிட்டு இருங்க," என்றாள் காதருகே.

அஃப்சல் நின்றான். விசிறிச் சத்தம். காதுக்குள் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்.

ஒரு இழு.

அவன் கையைத் தாண்டிக் கேபிள் ஒரு சாண் உள்ளே போனது.

திரும்பிப் பார்த்தான். கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. கண்ணாடிக்கு அப்பால் செல்வகுமார் லேப்டாப்பில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு இழு. கேபிள் போய்க்கொண்டே இருந்தது, அவசரமில்லாமல், கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி. சுருட்டியிருந்த கேபிள் வளையம் வளையமாக அவிழ்ந்து அவிழ்ந்து உள்ளே போயிற்று. பின்பக்கச் சந்து நாலு அடி அகலம். அதில் எங்கே போகிறது இவ்வளவும்?

பிறகு நின்றது.

டக். டக்.

அவன் கை தானாக விட்டது. பழக்கம்.

தனக்கொடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பயமில்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியது. அவள் விரலால் பெட்டியைச் சுட்டிக் காட்டினாள். கேபிள் சொருகிய துளைக்குப் பக்கத்தில் கடுகளவு விளக்கு ஒன்று, இதுவரை செத்துக் கிடந்தது, பச்சையாக எரிந்தது.

அந்த விளக்கு எப்போது எரியும் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். கேபிளின் மறு முனையும் ஒரு பெட்டியில் சொருகப்பட்டு, அந்தப் பெட்டியும் உயிரோடு இருந்து, இந்தப் பக்கம் பேச, அந்தப் பக்கம் பதில் பேசினால்தான் எரியும். வெறும் முனைக்கு எரியாது.

முட்டியை மறந்து பின்பக்கம் ஓடினான். மறு முனை எந்தப் பெட்டியிலும் இல்லை. கேபிள் அலமாரியின் முதுகிலிருந்து வெளியே வந்து, கீழே இறங்கி, சந்தின் கோடி வரை போய், கடைசித் தரைப் பலகையின் விளிம்பில் நுழைந்திருந்தது. கூடத்துக்குப் போட்டிருந்தது பெயர்த்து எடுக்கிற பலகைத் தரை. அஃப்சல் அந்தப் பலகையைத் தூக்கினான். அடியில் பழைய தரை. ஐஸ் கட்டுகிற உப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் அது. மண் போட்டு நிரப்பி மேலே சிமெண்டு போட்டு மூடியிருந்தார்கள்.

கேபிள் சிமெண்டுக்குள் இறங்கியிருந்தது. ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. மரத்தின் வேர் மண்ணில் இறங்குமே, அப்படி.

சுற்றிலும் சிமெண்டு ஈரமாக இருந்தது. மூக்கைத் தைக்கிற வாடை குப்பென்று வந்தது.

செல்வகுமாரைக் கூட்டி வந்து காட்டினான். செல்வகுமார் குனிந்து பார்க்கவில்லை. அவன் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. நாற்காலியிலேயே தூங்கி எழுந்து எத்தனை நாளோ.

"லிங்க் எரியுதா?" என்று அஃப்சலின் காதருகே கத்தினான்.

"எரியுது சார். ஆனா அந்தப் பக்கம்..."

"நானும் ஸ்கிரீன்ல பாத்தேன். எல்லாம் பச்சை."

"அந்தப் பக்கம் எந்தப் பெட்டின்னு பேரு வரணுமே சார். வந்திருக்கா?"

"பேரு வரல. காலியா இருக்குது. வராட்டி இன்னா? வெளக்கு எரியுது இல்ல? திங்கக்கிழமை காலையில வந்து பாக்கறவங்க வெளக்கத்தான் பாப்பாங்க. தரையப் பேத்தா பாப்பாங்க?" கொட்டாவி விட்டான். "பலகைய மூடு பாய். உனக்கு வேற வேலை இல்ல?"

---

டீக்கடையில் தனக்கொடி தன் டீயைக் குடிக்கவே இல்லை. ஆடை படிந்துவிட்டது.

"அது அவருதான் பாய்."

"யக்கா..."

"அந்தக் கை எனக்குத் தெரியாதா? மொத இழுக்கும் ரெண்டாவது இழுக்கும் நடுவுல ஒரு மூச்சு வுடுவாரு. டக்... டக். அந்த எடைவெளி. வேற யாருக்கும் வராது."

"அவரு கடல்ல போனாரு. இது ஐஸ் கம்பெனி."

"அன்னிக்கிப் போறப்ப ஐஸ் எங்கேந்து ஏத்தினாரு? இங்கேந்துதான. நான்தான் கூட வந்து சாக்குப் போட்டு மூடிக் குடுத்தேன். வூட்டுக்குப் போ, வெயில் ஏறுதுன்னாரு. கடைசியாப் பேசினது இந்த வாசல்லதான்."

அஃப்சல் டீயை ஆற்றினான், ஆறிப்போன டீயை.

"மோட்டார் விசிறியில வலை சுத்திக்கிச்சி," என்றாள் அவள். அவன் கேட்காமலே சொன்னாள். "கயித்தப் பிடிச்சிக்கிட்டு உள்ள குதிச்சாரு. மேல படகுல கயித்தோட இன்னொரு முனையப் பிடிச்சிக்கிட்டு எங்க கொழுந்தனாரு ஆதிமூலம். ரெண்டு இழு வந்துச்சி. வுட்டுட்டாரு. கயிறு உள்ள போச்சி. அவ்வளவுதான். திரும்பி வந்து என்கிட்ட சொல்றாரு: ரெண்டு இழு வந்துச்சி அண்ணி, அதான் வுட்டுட்டேன்னு."

"அவரு மேல தப்பு இல்லக்கா. வழக்கம் அதுதான?"

"வழக்கம்!" அவள் சிரித்தாள். "அவரு வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல ஒத்த செவுரு. ஆறு வருஷமா அவரு இருமறது எனக்குக் கேக்குது. ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னு இருக்கேன். ஒரு நிமிஷம் வுடாமப் பிடிச்சிப் பாத்திருந்தா இன்னா? கை அறுந்தா அறுந்துட்டுப் போவுது. ஆளு இருந்திருப்பாரு இல்ல?" டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நீங்களா இருந்தா வுட்டிருப்பீங்களா பாய்?"

அஃப்சல் தன் டம்ளரையும் கீழே வைத்தான்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. கடல்ல போனவரு அவரு ஒருத்தரு மட்டுமா? அந்தத் தொட்டியில எவன் எவன் வுழுந்தானோ. ரெண்டு இழு தெரிஞ்ச கை ஆயிரம் இருக்கும். நீ பாட்டுக்கு அவருதான்னு..."

"வேற யாராவது இருந்தாலும்," என்றாள் தனக்கொடி, "அவங்களையும் யாரோ வுட்டுட்டுத்தான போயிருப்பாங்க?"

எழுந்து நடந்தாள். கனகாம்பரம் ஒன்று உதிர்ந்து பெஞ்சில் கிடந்தது. அஃப்சல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் டீக்காசு கொடுத்துவிட்டு எழுந்திருக்க அவனுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

---

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. இருந்தாலும் விடிந்ததும் அஃப்சல் வண்டியை எடுத்தான். அந்த ஒரு கேபிளை உருவிப் போட்டுவிட வேண்டும். செல்வகுமார் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அதை அப்படியே எரியவிட்டுத் திங்கட்கிழமை ஒப்படைத்தால், தனக்கொடி தினம் தினம் ஏதாவது சாக்குச் சொல்லி இந்த வாசலில் வந்து நிற்பாள். நடுவில் நின்றிருந்தவள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டாள். எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் அவள் செருப்பு கிடந்தது.

காவல்காரர் சொன்னார், "அந்தம்மா கருக்கல்லயே வந்துட்டாங்களே. நீங்க வரச் சொன்னதா சொன்னாங்க."

சந்துக்குள் தரைப் பலகை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அந்தக் குழிக்குப் பக்கத்தில் தனக்கொடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. கேபிள் அவள் மடியில் கிடந்தது. சந்தில் மூச்சு புகையாகத் தெரிகிற அளவுக்குக் குளிர்.

அவன் அவள் காதருகே குனிந்தான். "யக்கா. எழுந்திரு. வூட்டுக்குப் போவலாம்."

"தூங்கி எத்தினி நாள் ஆச்சி தெரியுமா பாய்?" என்றாள். "ஆறு வருஷமா ஒரு காதை வாசல்ல வச்சிட்டுத்தான் தூங்கறேன். களைச்சிப் போயிட்டேன்."

"தெரியும்க்கா. எனக்கும்தான். இதக் கழட்டிட்டுப் போயிடலாம். உருவிப் போட்டாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தான். சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். பையில் கட்டர் இருந்தது. அவள் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் கேபிளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி. கழட்டிடலாம்," என்றாள். "நீங்க முன்னாடி போயி அந்த முனையக் கழட்டி உள்ள வுடுங்க. என் கைக்கு வந்ததும் ரெண்டு இழு இழுக்கறேன். நீங்க வுட்டுடுங்க. நான் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"நான் பின்னாடி இருக்கேன், நீ முன்னாடி போ."

"உங்க முட்டிய வச்சிக்கிட்டு இந்தக் குளிர்ல குந்த முடியுமா? எழுந்திருக்க ஒரு ஆளு வேணும்." லேசாகச் சிரித்தாள். "போங்க பாய். சீக்கிரம் முடிச்சிட்டுப் போவலாம். எனக்கும் அலுத்துப் போச்சி."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவனுக்கும் நம்பத்தான் வேண்டியிருந்தது. நம்பாமல் இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. கதவைச் சாத்திக்கொண்டு முன்பக்கம் வந்தான்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கேபிளின் தலையைப் பிடித்து, தாழை அழுத்தி, வெளியே உருவினான். சுலபமாக வந்தது. உள்ளங்கையில் ஈரமாக, உப்புப் பூத்து இருந்தது.

விளக்கு அணையவில்லை.

துளையில் ஒன்றுமில்லை. வெறும் துளை. பக்கத்தில் பச்சை விளக்கு, கண் கொட்டாமல்.

அஃப்சல் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. கண்ணால் பார்த்து, மனசில் வாங்காமல் விட்டுவிட்டு வந்தது. அவள் மடியில் கேபிள் சும்மா கிடக்கவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்தது. மூன்று நான்கு சுற்று. பெரிய வலை இழுக்கிறவர்கள், கயிறு நழுவாமல் இருக்கக் கையில் சுற்றிக்கொள்வார்களே, அப்படி.

கேபிள் மெல்ல விறைத்தது.

ஒரு இழு.

அது அவள் கை இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அவள் கைதான் என்று சொல்லவும் முடியவில்லை. கனமான இழு. ஆழத்திலிருந்து வருகிற இழு. இரண்டு கையாலும் பிடித்தான். கால் தரையில் வழுக்கி முட்டி அலமாரியில் இடித்தது.

விசிறிகள் நின்றன.

அத்தனை பெட்டிகளிலும், அத்தனை விசிறியும், ஒரே மூச்சில். ஒரு மாதமாகக் காதை அடைத்திருந்த சத்தம் போய், பழைய ஐஸ் கம்பெனிச் சுவருக்குள் அப்படியொரு அமைதி. எங்கோ அடியில் தண்ணீர் அசைந்தது. அலமாரி வரிசை முழுக்க இருட்டு. அந்த ஒரு பச்சை விளக்கு மட்டும்.

டக்.

ஒரு மூச்சு விடுகிற இடைவெளி.

டக்.

விட்டுவிட வேண்டும். பிடித்தால் அந்தப் பக்கம் அவள் கை அறுந்துவிடும். விட்டால்...

படகில் நின்ற ஆதிமூலத்தை நினைத்தான். பார்த்தே இராத ஆளை. அவன் கையில் கயிறு இருந்த அந்த ஒரு நிமிஷத்தை.

கேபிள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஒரு விரற்கடை நழுவியது. உப்பு பட்டு எரிந்தது. அஃப்சல் முகத்தை அலமாரியின் இடைவெளியில் வைத்து அழுத்தினான். உள்ளே இருட்டு. குளிர். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, ஆனாலும் ஏதோ ஒரு பூவாடை. காதடைப்பைப் பிடுங்கி எறிந்தான். இனிமேல் கத்தத் தேவையில்லை, அவ்வளவு அமைதி. குரல் தானாகவே தாழ்ந்து வந்தது.

"யக்கா... இப்ப இழுத்தது நீதான?"